பள்ளாங்குழி ஆடும் முன் காய்களைப் பாருங்கள்

பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து சரிசமமாக ஆடக்கூடிய விளையாட்டுகளில் பள்ளாங்குழிக்கு நிகர் குறைவு. எண்ணுவது, விரல் நுனியால் எடுப்பது, தன் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். வீடுகளுக்கு அது திரும்பி வருவதைக் குழந்தைகள் நல மருத்துவர்களான நாங்கள் மனதார வரவேற்கிறோம். ஆனால் பலகையைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையைப் பலரும் காய்களில் காட்டுவதில்லை. எங்கள் கவலை அதில்தான்.

முதலில் குன்றிமணி. சிவப்பு விதை, ஒரு முனையில் கறுப்புப் பொட்டு. இதற்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு கெட்டியானது என்பதால் முழுசாக விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, விதை உடைந்திருந்தாலோ, மாலை கோக்கத் துளையிட்டிருந்தாலோ நஞ்சு உடம்பில் கலக்கும். வாந்தி, வயிற்றுவலி, இரத்தப்போக்குடன் பேதி ஆகியவை உடனே வராமல் பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அதனால் குழந்தைகள் புழங்கும் வீட்டில் குன்றிமணி வேண்டாம் என்றே சொல்வோம். பழைய பலகையோடு பரம்பரையாக வந்த டப்பாவையும் ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள். பொட்டு இல்லாமல் முழுச் சிவப்பாக, சற்றுப் பெரிதாக இருப்பது மஞ்சாடி. அது வேறு செடியின் விதை. ஆனாலும் வாயில் போட உகந்ததல்ல.

சோழி, புளியங்கொட்டை இரண்டிலும் நஞ்சு பயம் இல்லை, மூச்சடைப்பு பயம் உண்டு. சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் போகும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. பள்ளாங்குழிக் காய் எதுவும் இந்தச் சோதனையில் தேறாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஆட்டத்தை மேசை மேல் வையுங்கள், அல்லது ஆடு புலி ஆட்டத்துக்கு மாறுங்கள். அதற்கு 3 புலி, 15 ஆடு, ஆக 18 காய்தான். சாக்பீஸால் கட்டம் பெரிதாகப் போட்டு, உள்ளங்கை அகல மரக்கட்டைகளையே காயாக வைக்கலாம்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளாங்குழி கற்றுத்தரும்போது பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, குழிக்கு 5 என்பதை 3 ஆகக் குறைப்பது. குழியில் நாலு சேர்ந்தால் பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார் அல்லவா? 14 குழியிலும் மூன்று மூன்றாக வைத்து முதல் குழியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்: ஒரே முறையில் 42 காயில் 40 பசுவாகிப் போய்விடும். அடுத்தவருக்கு ஆட ஒன்றும் இருக்காது, பிள்ளை அழும். குறைக்க வேண்டியது குழியைத்தான். பக்கத்துக்கு நாலு குழி, குழிக்கு 5 காய், மொத்தம் 40. மிச்சக் குழிகளைத் துணியால் மூடிவிடலாம். காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அது வெறுங்குழி என்றால் தடவிவிட்டு, அதற்கு அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு முறை முடிகிறது என்று வைத்துக்கொள்வது சிறுவர்களுக்கு எளிது. கைப்பிடியோடு போடும் பிள்ளை ஒரே குழியில் இரண்டைத் தவறவிடும். காய்களை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக எடுக்கப் பழக்குங்கள். தொடங்கும்போது எண்ணிய கணக்கு டப்பாவில் போடும்போதும் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாயை உதறி, சோபாவுக்கு அடியில் தேடிய பிறகே எழுந்திருங்கள்.

குன்றிமணியை மென்றதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், மீதி விதையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். காதுக்குள் புளியங்கொட்டை போனால் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். ஈரம் பட்டால் விதை ஊதி இன்னும் இறுகும். ஊக்கு, ஹேர்பின்னால் குத்தினால் உள்ளே தள்ளிவிடும்.

தொண்டையில் சிக்கி, குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமலோ அழுகையோ வராமல் திணறினால் தாமதிக்கக்கூடாது. ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்னால் சாய்த்து முதுகில் 5 தட்டு, பிறகு தொப்புளுக்கு மேல் உள்நோக்கி மேலாக 5 அழுத்தம், மாறி மாறி. ஒரு வயதுக்குள் என்றால் முதுகில் 5 தட்டு, நெஞ்சில் 5 அழுத்தம். வயிற்றை அழுத்தக்கூடாது. கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவவும் கூடாது. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. ஆடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று புரையேறி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். நாலைந்து நாள் கழித்து விடாத இருமலும் வீசிங்கும் வரும். விதை மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் விதை பெரும்பாலும் தெரியாது. ஆகவே புரையேறிய அன்றே காட்டுங்கள், விதையை வைத்து ஆடியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுக்குழாய்க்குள் குழல் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி தேவையா என்று அவர் முடிவெடுக்க அந்த ஒரு தகவல்தான் பெரும்பாலும் வழிகாட்டும்.