சாமி பெயரில் சங்கம்: பண்டைய கிரேக்கத் துறைமுகங்களின் வியாபாரிகள்

பண்டைய ஏதென்ஸில் வெளியூர் வியாபாரி எத்தனை கப்பல் வைத்திருந்தாலும் ஒரு முழம் நிலம்கூட வாங்க முடியாது. அந்த உரிமை குடிமக்களுக்கே. விலக்கு வேண்டுமானால் மக்கள் சபை தனித் தீர்மானம் போட வேண்டும். கி.மு. 333-இல் சைப்ரஸ் தீவின் கிட்டியோன் நகர வியாபாரிகள் அந்தச் சபையிடம் ஒரு மனு கொடுத்தார்கள். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் தங்கள் தெய்வம் அஃப்ரோடைட்டிக்குக் கோயில் கட்ட இடம் வாங்க அனுமதி கேட்டார்கள். எகிப்தியர்களுக்கு அவர்களுடைய தெய்வம் ஐசிஸின் கோயில் கட்ட முன்பே அனுமதி தந்ததை முன்னுதாரணமாகக் காட்டி, லைக்கர்கஸ் என்ற செல்வாக்குள்ள அரசியல்வாதி தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது.

அவர்களுடைய பக்தியில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கோயில் வந்தால் கூடப் பல காரியங்களும் கைகூடும். ஊர்க்காரர்கள் ஒன்றுகூட ஓர் இடம், விருந்து, புதிதாக வந்திறங்கியவனை அடையாளம் காட்ட நாலு பேர். அன்றைய கடல் வணிகத்தில் இந்த நாலு பேர்தான் பெரிய சொத்து. சரக்கை ஈடாக வைத்துக் கடன் வாங்கினால், கப்பல் மூழ்கும்போது கடனும் மூழ்கிவிடும். கொடுத்தவன் கேட்க முடியாது. அதனால் வட்டி கடுமை. எஞ்சியிருக்கும் ஏதென்ஸ் ஒப்பந்தம் ஒன்றில் பயணத்துக்கு 22.5 சதவீதம், செப்டம்பர் நடுவுக்குப் பிறகு திரும்பப் புறப்பட்டால் 30. வாங்குகிறவன் யார், எந்த ஊர், முன்பு எப்படி நடந்துகொண்டான் என்று தெரியாமல் யார் பணம் கொடுப்பார்கள்?

சாமி பெயரில் ஊர்க்காரர்கள் ஒன்றுகூடும் இந்த ஏற்பாடு முழு வளர்ச்சி கண்டது ஏஜியன் கடலின் டெலோஸில். சுமார் 3.5 சதுர கிலோமீட்டர் பாறைத் தீவு. கிரேக்கக் கடவுள் அப்பல்லோ பிறந்த இடம் என்ற புனிதம் மட்டுமே அதன் மூலதனம். கி.மு. 166 வாக்கில் ரோம் அதை ஏதென்ஸிடம் ஒப்படைத்துச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கியது. அதனால் போட்டித் துறைமுகமான ரோட்ஸ் தீவின் துறைமுக வருமானம் 10 லட்சம் திராக்மாவிலிருந்து (கிரேக்க வெள்ளி நாணயம்) 1.5 லட்சமாகச் சரிந்துவிட்டது என்று அதன் தூதர்கள் ரோமில் முறையிட்டார்கள். டெலோஸ் ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி அனுப்ப வல்லது என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அந்தச் செழிப்புக்குள் மனிதர்களும் சரக்காக இருந்தார்கள்.

இங்கே தீரு (இன்றைய லெபனானின் டயர்) நகரத்தார் ஹெராக்ளிஸ் என்ற தெய்வத்தின் பெயரில் சங்கம் வைத்தார்கள். கோயிலுக்கு இடம் கேட்டு ஏதென்ஸுக்குப் போய்வந்தவர் பாட்ரோன் என்ற உறுப்பினர். பெய்ரூட்காரர்களின் சங்கத்துக்குக் கடல் தெய்வம் பொசைடன். வியாபாரிகள், கப்பல்காரர்கள், கிடங்குக்காரர்கள் என்று மூன்று தொழிலினரைச் சங்கத்தின் பெயரே வரிசைப்படுத்துகிறது. கடைசியாக வருகிற கிடங்குக்காரர் இல்லாமல் மற்ற இருவருக்கும் வேலை நடக்காது. கப்பல் ஓடுவது பெரும்பாலும் கோடை மாதங்களில். நல்ல விலை வரும்வரை கப்பல்காரன் காத்துக்கிடக்க முடியாது. சரக்கை வாங்கி வைத்து ஆள் பார்த்துத் தள்ளிவிடுகிறவர் துறைமுகத்திலேயே இருக்க வேண்டும்.

பெய்ரூட்காரர்கள் கட்டிய சங்க மாளிகையின் முற்றமும் சன்னதிகளும் அகழாய்வில் வெளிப்பட்டன. கட்டி முடிப்பதற்குள் கையிருப்பு கரைந்து கடன் ஏறியது. கடன் கொடுத்தவர் மார்க்கஸ் மினாட்டியஸ் என்ற ரோமானியர். அவர் வட்டியைத் தள்ளுபடி செய்ததோடு, வேலையை முடிக்க 7,000 திராக்மாவும் நன்கொடையாகத் தந்தார். பதிலுக்குச் சங்கம் முற்றத்தில் சிலை வைக்க இடம் தந்தது; கிரீடம் சூட்டி, அதைப் பலர் அறிய அறிவிக்கவும் முடிவுசெய்தது. நம்மூர்க் கோயிலின் முதல் மரியாதை போலத்தான். தீர்மானத்தைக் கல்லில் வெட்டினார்கள். வெளியிலிருந்து வருகிற பெய்ரூட் வியாபாரி எவனும், யாரிடம் போனால் பணம் புரளும் என்று அதில் படித்துக்கொள்ளலாம். ரோமானியருக்கோ, ஒரு நகரத்து வியாபாரிகளே மொத்தமாக வாடிக்கையாளர்கள். என் கணக்கில் 7,000 திராக்மா மலிவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சங்கம் கம்பெனி அல்ல. லாபமும் நஷ்டமும் அவரவருக்கே.

கி.மு. 88-இல் ரோமுடன் போரிட்ட பொன்டஸ் மன்னர் மித்ரிடாட்டீஸின் படையும் 69-இல் கடற்கொள்ளையரும் டெலோஸைச் சூறையாடினார்கள். வணிகம் இத்தாலியின் புட்டியோலி போன்ற துறைமுகங்களுக்கு நகர்ந்தது. தீரு வியாபாரிகளும் அங்கே வணிக நிலையம் அமைத்தார்கள். கி.பி. 174-இல் அவர்கள் தாய்நகருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. முன்பு நிறையப் பேர் இருந்தோம், இப்போது சிலர்தான். பூசைச் செலவையும் தாங்கிக்கொண்டு நிலைய வாடகையும் கட்ட முடியவில்லை, அதை ஊரே ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. தீரு நகரசபை விவாதித்து, ரோமிலிருந்த தங்கள் நிலையமே வழக்கம்போல அந்த வாடகையைக் கட்டட்டும் என்று முடித்துவிட்டது.