மண் சரிந்தால் லயத்துக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும், எங்கே தடுப்பார்கள்

மூணாறு பக்கம் ஜூன் பிறந்தால், தேயிலைத் தோட்டக் கம்பெனி கொடுத்த வரிசை வீடுகளான லயத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் 70 பேரை மண் மூடியது. ஆலையும் வண்டியும் கக்கி மழையின் போக்கைக் கெடுத்த புகையில் கொழுந்து பறிக்கிறவர்களின் பங்கு என்று சொல்ல ஒன்றுமில்லை. அடி மட்டும் முதலில் அவர்களுக்கு விழுகிறது. அதற்கு அரசு தரும் தொகையையாவது குறையாமல் வாங்க வேண்டும்.

2008இல் மத்திய அரசு காலநிலை மாற்றத்துக்கென்று ஒரு தேசியச் செயல்திட்டம் போட்டது. ஆனால் மண் சரிந்த பிறகு நீங்கள் கேட்கப் போகும் பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. கேரளத்துக்கு அதில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது. பின்னணி இவ்வளவு போதும்.

2022-26 காலத்துக்கான விதிப்படி, பேரிடரில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். இறப்பின் காரணத்துக்கு உரிய அதிகாரி சான்று தர வேண்டும் என்று கூடவே ஒரு வரி இருக்கிறது. முதல் பள்ளம் அதுதான். எங்கள் பக்கத்து லயத்தில் மண் தள்ளிப் பின்சுவர் விழுந்து ஒரு பாட்டிக்கு இடுப்பு நொறுங்கியது. மகள் போடிமெட்டு இறங்கித் தேனிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஒன்பதாம் நாள் பாட்டி போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் "மூச்சுத்திணறல்" என்று மட்டும் இருந்தது. சுவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. "மண்ணு சரிஞ்சு செத்தாங்கன்னு இதுல எங்க இருக்கு?" என்று நிவாரண மனு கொடுத்த தேவிகுளம் ஆபீசில் கேட்டார்கள். தேனிக்கும் தேவிகுளத்துக்குமாக அந்த அக்கா ஐந்து மாதம் அலைந்தார். போன நாளெல்லாம் கூலி போனது.

அதனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே, மண் சரிந்து சுவர் விழுந்ததால் வந்த காயம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இறந்துவிட்டால், மனசு கேட்காது, ஆனாலும் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பலத்த காயத்தோடு ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால் 16,000 ரூபாய், அதற்குக் குறைந்தால் 5,400. டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் தேதிதான் கணக்கு. ஆறாம் நாள் வீட்டு நினைப்பில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வீடு. மலைப்பகுதியில் வீடு முழுதாகப் போனால் 1,30,000 ரூபாய். ஆனால் அது அனுமதி பெற்ற கட்டடம் என்று அதிகாரி சான்று தர வேண்டும். லயம் கம்பெனியுடையது, உங்களிடம் பட்டா இல்லை என்று சொல்லி இங்கே கையை விரிப்பார்கள். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். வீடு முழுதாகப் போன குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திர பண்டத்துக்கு 2,500 தனியாக உண்டு. அது வீடு யாருடையது என்று பார்த்துத் தருவதில்லை, அங்கே குடியிருந்த குடும்பத்துக்குத் தருவது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஒரே லயத்தில் கல்யாணமான மகனும் இருந்தால், ரேஷன் கார்டை மழைக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள். ஒரு கார்டு என்றால் ஒரு குடும்பம் என்றுதான் எழுதுவார்கள்.

கறவை மாடு செத்தால் 37,500, ஆட்டுக்கு 4,000. கால்நடை மருத்துவர் பார்த்து எழுதித் தரும்வரை புதைக்காதீர்கள்.

இனி கம்பெனியின் பொறுப்பு. இதைப் பலரும் கேட்பதே இல்லை. தோட்ட முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தில் ஒருவரோ இறந்தால், காயம்பட்டால், முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். முன்பு தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது இது. இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 75ஆம் பிரிவு. இயற்கைச் சீற்றம் என்றால் விலக்கு உண்டு என்று உடனே சொல்வார்கள். விலக்கு இருப்பது உண்மைதான், ஆனால் இடிந்ததற்கு இயற்கை மட்டுமே நேரடிக் காரணமாக இருந்தால்தான் அது செல்லும். சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று நீங்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பேச்சு எளிதில் நிற்காது. ஆகவே மே மாதமே விரிசலைப் போட்டோ எடுத்து, மேனேஜருக்கு மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். 2024இல் வயநாட்டில் நிவாரணப் பணம் ஏறிய கையோடு ஒரு வங்கி கடன் தவணையைப் பிடித்துக்கொண்டது. போராடிய பிறகுதான் திரும்ப வந்தது. கடன் இல்லாத வங்கிக் கணக்கைக் கொடுப்பது நல்லது. ஆதாரில், பாஸ்புக்கில், ரேஷன் கார்டில் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அப்புறம், மலையாளத்தில் எழுதி வா என்று திருப்பி அனுப்பினால் போகாதீர்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் தமிழில் மனு கொடுக்கலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. மனுவின் நகலில் சீலும் தேதியும் விழாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.