பொறி காலியாக இருந்தாலும் செதில் பூச்சி இருக்கலாம்

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஒன்றும் விழவில்லை, அதனால் செடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில் பூச்சி இல்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் பூச்சி இனத்தில் ஆண் உண்டா?

அரளிச் செதில் பூச்சியை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பிடியோட்டஸ் நீரியை என்பது அறிவியல் பெயர். அரளியோடு நிற்காமல் ஆலிவ், எலுமிச்சை வகைகள், ஐவி, பனை வகைகள் என்று பலவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் இனம் பெருகும். மற்றதில் பெண்கள் மட்டுமே. கருவுறாத முட்டையிலிருந்தே பெண் குஞ்சுகள் வரும். உடலுக்கு மேலே இருக்கும் வெளிறிய வட்ட மூடியைப் பார்த்து எந்தப் பெண் எந்த வகை என்று சொல்ல முடியாது.

இரண்டிலும் பெண்ணுக்குக் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் கால் உண்டு. அது சிறிது தூரம் ஊர்ந்து, பிடித்த இடத்தில் ஊசி போன்ற வாயைச் செருகி உட்கார்ந்துவிடும். முதல் தோலுரிப்பிலேயே கால்கள் போய்விடும். அப்புறம் பெண் சாகும்வரை அதே இடம்தான். ஆணுள்ள வகையில் அவள் வாசனையை வெளியிட்டுக் காத்திருப்பாள். ஒரு ஜோடி இறக்கையோடு, வாயே இல்லாமல் வெளிவரும் ஆண், வாழும் சொற்ப நேரத்துக்குள் அவளைத் தேடி வர வேண்டும். இதைவிட வியப்பானது ஒன்று உண்டு: மகனாகப் போகும் கருவில் தந்தையின் குரோமோசோம்கள் ஆரம்பத்திலேயே நீக்கப்பட்டுவிடும். தந்தையின் மரபு மகள்கள் வழியாக மட்டுமே நீளும்.

பெண் மட்டுமே உள்ள வகையின் உடலில் கார்டினியம் என்ற பாக்டீரியா காணப்படுகிறது. ஆணுள்ள வகையில் அது இல்லை. ஆணில்லாமல் பெருகுவதற்கு அதுவே காரணம் என்ற சந்தேகம் வலுவானது. பிற பூச்சிகளைத் தின்று வளரும் சில ஒட்டுண்ணிக் குளவிகளிலும் இதே பாக்டீரியா இந்த வேலையைச் செய்கிறது.

சரி, தோட்டத்தில் இதனால் என்ன ஆகும்? பொறியில் விழுவது ஆண் மட்டும்தான். ஆணே இல்லாத வகை என்றால் செடி முழுக்க அப்பியிருந்தாலும் பொறி காலியாகத்தான் இருக்கும். ஒரு பதியனோடு வந்த ஒரே ஒரு குஞ்சு போதும், துணை தேவையில்லை. அதனால்தான் புதுச் செடியைத் தனியே வைத்துக் கவனியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பொறியை நம்புவதற்கு முன் லென்ஸ் வைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வட்ட மூடிகளுக்கு நடுவே சிறிய, நீள்வட்ட மூடிகள் இருந்தால் அவை ஆண்கள். நிறைய இலைகளைப் பார்த்தும் அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் பொறியை எடுத்துவிட்டு, கிளையைச் சுற்றி இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றுங்கள். மஞ்சள் புள்ளிகளாகக் குஞ்சுகள் அதில் ஒட்டத் தொடங்கும் நாட்கள்தான் தோட்டக்கலை எண்ணெய் தெளிக்கச் சரியான நேரம். மூடி தடித்தபின் தெளித்தால் பெரும்பகுதி வீண்.

இன்னொன்று. மூடியில் வட்டத் துளை தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி அங்கே வேலை செய்திருக்கிறது. உயிரியல் கட்டுப்பாட்டுக்காக அஃபைட்டிஸ் மெலினஸ் குளவியை வளர்ப்பதற்கே, இந்த ஆணில்லாத வகையைப் பூசணிக்காய்களில் பெருக்குகிறார்கள். துளைகள் அதிகம் தெரியும் செடியில் கடுமையான பூச்சிக்கொல்லியை நான் பரிந்துரைப்பதில்லை.