சூப்பர் ஹீரோ படங்களில் கறுப்பின நாயகர்கள்: ஒரு சிறார் மனநல ஆலோசகரின் பார்வை

அமெரிக்காவில் சிறார் மனநல ஆலோசகராகப் பள்ளிப் பிள்ளைகளோடு பணிபுரிவதால், அவர்கள் விளையாட்டு இடைவேளையில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனிப்பதும் என் வேலையின் ஒரு பகுதிதான். ஆறேழு வயதுப் பிள்ளைகள் சூப்பர் ஹீரோ விளையாட்டைத் தொடங்கியதும் முதலில் நடப்பது வேடப் பங்கீடு. யார் அயர்ன் மேன், யார் தோர், யார் வில்லன் என்பதெல்லாம் சில நொடிகளில் முடிவாகிவிடும். "நீ அயர்ன் மேனாக இருக்க முடியாது, அவர் உன்னை மாதிரி இருக்க மாட்டார்" என்று ஒரு வெள்ளையினச் சிறுவன் கறுப்பினச் சிறுவனிடம் சொல்லும்போது அதில் பெரும்பாலும் வன்மம் இருப்பதில்லை. திரையில் பார்த்ததை விதியாக எடுத்துக்கொண்டு பேசுகிறான், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருப்பவனும் அதே படங்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் பல நேரங்களில் மறுப்பேதும் சொல்லாமல் வேறு வேடத்துக்கு நகர்ந்துவிடுகிறான். சொன்னவனைவிட அந்த மறுப்பில்லாமையே எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது.

இந்தக் கவலைக்கு நீண்ட வரலாறு உண்டு. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940களில், நிறத்தைத் தவிர வேறு எதிலும் வேறுபாடில்லாத பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எதனோடு விளையாட விரும்புகிறாய், எது நல்ல பொம்மை, எது பார்க்க மோசமாக இருக்கிறது என்று கேட்டார்கள். மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 253 குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் விளையாடுவதற்கு வெள்ளை பொம்மையையே தேர்ந்தெடுத்தார்கள். கடைசியாக, "உன்னைப் போல் இருக்கும் பொம்மையைக் கொடு" என்று கேட்டபோது, சற்றுமுன் மோசமானது என்று தாங்களே ஒதுக்கிய பொம்மையைப் பலர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது; சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையைவிட்டு ஓடியதாகக் கென்னத் கிளார்க் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. அந்தச் சோதனையின் முறையை விமர்சிப்பவர்கள் உண்டு, அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் தன்னைப் பற்றிய மதிப்பீட்டைக் குழந்தை வீட்டிலிருந்து மட்டும் பெற்றுக்கொள்வதில்லை என்பதை அது மறுக்க முடியாதபடி காட்டியது.

நிக்கோல் மார்ட்டின்ஸ், கிறிஸ்டன் ஹாரிசன் என்ற ஆய்வாளர்கள் கறுப்பின, வெள்ளையினச் சிறார் 396 பேரை ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு இதோடு பொருந்துகிறது. தொலைக்காட்சி பார்க்கும் நேரம் கூடக் கூட வெள்ளையினச் சிறுமிகள், கறுப்பினச் சிறுமிகள், கறுப்பினச் சிறுவர்கள் ஆகிய மூன்று தரப்பிலும் தன்மதிப்பு குறைந்து காணப்பட்டது; வெள்ளையினச் சிறுவர்களிடம் மட்டும் அது உயர்ந்து காணப்பட்டது. யார் கதையின் நடுவில் நிற்கிறார்கள், யாரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, யாரைக் காவலர்கள் துரத்துகிறார்கள் என்பதை நாள்தோறும் பார்க்கும் பிள்ளையிடம் இப்படி ஒரு வேறுபாடு உருவாவது எனக்கு வியப்பளிக்கவில்லை.

சூப்பர் ஹீரோ படங்களில் பிளாக் பேந்தர் வரும்வரை கறுப்பினத்தவர் இல்லவே இல்லை என்று சொல்வது சரியாகாது. வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்த பிளேடு 1998-இலேயே வெற்றி பெற்றது. ஆனால் அது ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும், பெரியவர்களுக்கான படம். எக்ஸ்-மென் படங்களில் ஸ்டார்ம் இருந்தார், அயர்ன் மேன் படங்களில் நண்பர் ரோட்ஸ் இருந்தார். மார்வெல் ஸ்டூடியோஸ் 2008-இல் அயர்ன் மேனில் தொடங்கிய வரிசையில், கறுப்பின நாயகனைத் தனித்து நடுநாயகமாக வைத்தது பதினெட்டாவது படமாக 2018 பிப்ரவரியில் வந்த பிளாக் பேந்தர்தான். நாயகனின் தோளுக்குப் பின்னால் நிற்கும் நல்ல நண்பன் மோசமான பாத்திரம் இல்லை. ஆனால் அவனுக்கு வீடு இருக்காது, தாய் இருக்க மாட்டாள், முன்னோர் இருக்க மாட்டார்கள். நாயகனின் கதைக்குத் தேவைப்படும்போது வந்து போவான். அடையாளம் உருவாகும் வயதில் பிள்ளைக்குத் தன் நிறத்தில் ஒரு முகம் கிடைப்பதோடு, அந்த முகத்துக்கென்று ஒரு வாழ்க்கையும் கிடைக்க வேண்டும்.

ரையன் கூக்ளர் இயக்கிய பிளாக் பேந்தரின் வலிமை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒருபோதும் காலனியாக்கப்படாத கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டாவில் அரசன் கறுப்பினத்தவன், விஞ்ஞானி அவனுடைய தங்கை, படைத்தளபதி ஒரு பெண், உளவாளி ஒரு பெண், எதிரியும் கறுப்பினத்தவன். ஒருவர் கோழையாக இருந்தாலோ தவறு செய்தாலோ அந்தப் பழி இனத்தின் மேல் விழுவதில்லை, ஏனெனில் பக்கத்தில் வேறு பத்துப் பேர் வேறு பத்து விதமாக இருக்கிறார்கள். வகாண்டாவின் மொழியாகத் தென்னாப்பிரிக்காவின் கோசா பேசப்பட்டது. முந்தைய மார்வெல் படம் ஒன்றில் வகாண்டாவின் மன்னராக நடித்த ஜான் கனியின் தாய்மொழி அது. அரசன் டிசால்லாவாக நடித்த சாட்விக் போஸ்மன், தன் பாத்திரம் ஆப்பிரிக்க உச்சரிப்பில்தான் ஆங்கிலம் பேச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். காலனியாக்கப்படாத நாட்டின் அரசன் ஐரோப்பிய உச்சரிப்பில் பேசினால், கல்வியும் நாகரிகமும் அங்கிருந்துதான் வந்தன என்று பொருளாகிவிடும் என்பது அவருடைய வாதம். பேச்சுவழக்கு காரணமாக வகுப்பில் திருத்தப்படும் பிள்ளைகளோடு பழகுபவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

படத்தில் ஒரு சிறு இடத்தைச் சிறுமிகள் மறப்பதில்லை. தளபதி ஒகோயே, தென்கொரியாவின் பூசான் நகரச் சூதாட்ட விடுதிக்குள் மாறுவேடத்தில் நுழைவதற்காக, மழித்த தலையில் நீண்ட கூந்தல் விக் ஒன்றை வேண்டாவெறுப்பாக அணிந்திருப்பார். சண்டை தொடங்கியதும் அதைக் கழற்றி எதிரியின் முகத்தில் எறிவார். திரையரங்கில் இதற்கு எழும் சிரிப்பு எல்லாருக்கும் பொதுவானது. கறுப்பினச் சிறுமிகளின் சிரிப்பில் வேறொரு செய்தியும் கலந்திருக்கிறது. சுருள்முடியைச் சூடான சீப்பாலும் ரசாயனத்தாலும் நேராக்கிக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடியைத் தாய்மாரும் பாட்டிமாரும் அனுபவிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இயற்கையான முடி அலங்காரத்தைக் காரணம் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது, அதுவும் 2019-இல்தான். தலைமுடியைப் பற்றிப் பேசவே மறுக்கும் பெண்பிள்ளைகளோடு அந்தப் பேச்சைத் தொடங்க, எத்தனையோ அறிவுரைகளைவிட இந்த ஒரு காட்சி எனக்கு உதவியிருக்கிறது.

வளரிளம் பருவத்து ஆண்பிள்ளைகளின் கதை வேறு. அவர்களில் பலருக்கு டிசால்லாவைவிட எதிரியான கில்மாங்கரையே பிடிக்கிறது. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவன். தந்தையை வகாண்டாவின் முந்தைய அரசனே கொன்றுவிட, யாரும் தன்னைத் தேடி வராமல் தனித்து விடப்பட்டவன். உங்களிடம் இவ்வளவு வளம் இருந்தும் உலகெங்கும் நம் மக்கள் துன்பப்பட்டபோது எங்கே இருந்தீர்கள் என்பதுதான் அவன் கேள்வியின் சாரம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த பிள்ளைக்கு முன்னோரின் ஊரும் பெயரும் மொழியும் பெரும்பாலும் கிடைப்பதில்லை; அந்த இழப்புக்குப் பொழுதுபோக்குப் படம் ஒன்று இவ்வளவு நேரடியாக இடம் கொடுத்தது அரிது. மகனுக்கு வில்லனைப் பிடிக்கிறதே என்று பதறும் பெற்றோரிடம், அவன் விரும்புவது அந்த வன்முறையை அல்ல, அந்தக் கேள்வியை என்றே நான் பெரும்பாலும் சொல்கிறேன். அந்தக் கேள்வியைப் பிள்ளை வீட்டில் கேட்க முடிந்தால் அது நல்ல அறிகுறி.

சாம் வில்சன் என்ற பாத்திரத்தின் நிலை இன்னும் சிக்கலானது. 1969-இல் சித்திரக்கதையில் கேப்டன் அமெரிக்கா என்ற நாயகனின் கறுப்பினத் துணைவனாக அறிமுகமான இவர், 2021-இன் தொலைக்காட்சித் தொடரில் கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தை ஏற்கிறார். 2025-இல் அதே பெயரில் திரைப்பட நாயகனாகவும் வந்துவிட்டார். கேடயத்தை அவர் உடனே எடுத்துக்கொள்ளவில்லை என்பது அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த விஷயம். ராணுவத்தின் ரகசியச் சோதனைக்கு ஆளாக்கப்பட்டு, பின்னர் முப்பது ஆண்டுகள் சிறையில் அடைக்கப்பட்ட ஐசையா பிராட்லி என்ற முதியவர், சுயமரியாதையுள்ள எந்தக் கறுப்பினத்தவனும் அதை ஏந்த விரும்ப மாட்டான் என்று அவரிடம் வாதாடுகிறார். தன்னை முழுமையாக ஏற்காத நாட்டின் சின்னத்தைச் சுமப்பதா என்ற கேள்வி கற்பனை அல்ல. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் அரசு சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்த வரலாறு அதற்குப் பின்னால் நிற்கிறது.

இதற்கெல்லாம் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளாக் பேந்தர் உலகெங்கும் ஏறத்தாழ 130 கோடி டாலர் வசூலித்தது. ரூத் கார்ட்டருக்கு ஆடை வடிவமைப்புக்கும் ஹானா பீச்லருக்குத் தயாரிப்பு வடிவமைப்புக்கும் ஆஸ்கர் விருது கிடைத்தது, அந்தப் பிரிவுகளில் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர்கள் அவர்கள். ஆனால் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் சிறுவனைத் தெருமுனையில் நிறுத்தி விசாரிக்கும் காவலர் அதே படத்தைப் பார்த்து மாறிவிட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. திரைப்படம் சிகிச்சையும் ஆகாது, சட்டமும் ஆகாது. அரிதாக வரும் நாயகன் மேல் ஓர் இனத்தின் மொத்த எதிர்பார்ப்பும் ஏறிவிடுவதால் பிள்ளைக்கும் ஒரு சுமை வந்து சேர்கிறது. அசாதாரணமானவனாக இருந்தால்தான் மதிப்பு என்று அவன் எண்ணத் தொடங்கலாம். இதனால்தான் 2018 இறுதியில் அனிமேஷன் படத்தில் ஸ்பைடர்-மேனாக வந்த மைல்ஸ் மொராலஸை நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். கறுப்பினத் தந்தைக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தாய்க்கும் பிறந்த அந்தப் புரூக்ளின் பையன் அரசகுமாரன் இல்லை. புதுப் பள்ளி பிடிக்காமல் தேர்வில் வேண்டுமென்றே எல்லாப் பதில்களையும் தவறாக எழுதுகிறான்.

பெற்றோரும் ஆசிரியர்களும் படம் முடிந்த பிறகு, "உன்னை மாதிரியே ஒருவர் வந்தார் பார்த்தாயா" என்று தொடங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. அது பிள்ளையிடம் ஒரே ஒரு விடையை எதிர்பார்க்கும் கேள்வி. யார் வீட்டில் ஒரு நாள் தங்க ஆசை, யார் செய்தது நியாயமில்லை, நீ அங்கே இருந்திருந்தால் யாரிடம் என்ன கேட்டிருப்பாய் என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளையினப் பிள்ளைகளிடமும் ஆசியப் பிள்ளைகளிடமும், நம் தமிழ் வீட்டுப் பிள்ளைகளிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். விளையாட்டுத் திடலில் வேடங்களைப் பங்கிடுவது அவர்களும் சேர்ந்துதான்.