பொக்லைனைக் கூப்பிடும் முன் வரத்துக் கால்வாயில் நடந்து பாருங்கள்

ஏரியைத் தூர்வார வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: போன ஐப்பசி மழைக்கு உங்கள் ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது? பலருக்குப் பதில் தெரிவதில்லை. ஏரி எத்தனை ஏக்கர், பொக்லைனுக்கு மணிக்கு என்ன வாடகை என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். தண்ணீர் வரும் வழியில் நடந்து பார்த்தவர்கள் மட்டும் குறைவு. இத்தனை ஆண்டுகளாக நீர்நிலைச் சீரமைப்புத் திட்டங்கள் தயாரித்ததில், நிரம்பாத ஏரிகள் பலவற்றின் கோளாறு ஏரிக்கு வெளியே, மேற்புறத்தில்தான் இருந்தது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். ஊர் இளைஞர்கள் வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் பணம் திரட்டி இரண்டு கோடைக்காலம் மண் அள்ளியிருந்தார்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, கரையைப் பலப்படுத்தி, மடைக்குப் புது ஷட்டரும் போட்டாயிற்று. மழை நன்றாகப் பெய்தும் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் சேர்ந்தது.

மேடுபள்ளம் அளக்கும் லெவல் மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். ஊர் நீர்க்கட்டி துணைக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பு அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்தது. அதற்குக் கூலியாக அறுவடையில் களத்துமேட்டு நெல் கிடைத்த காலத்தையும் பார்த்தவர். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் மூன்று கிலோமீட்டர் போல நடந்திருப்போம். ஓரிடத்தில் கிராமச் சாலை குறுக்கே போனது. சாலைக்கு அடியில் சிமெண்ட் குழாய் பதித்திருந்தார்கள். அவர் கைத்தடியைக் கால்வாய்த் தரையில் ஊன்றி, குழாயின் வாயைக் காட்டினார்.

"தம்பி, வாய்க்கா இங்க கெடக்கு, குழா வாய் அங்க இருக்கு. தண்ணி எப்பிடி மேடேறும்?"

அளந்தேன். குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட 38 சென்டிமீட்டர் உயரம். இந்தச் சமவெளிக் கால்வாய்களில் கிலோமீட்டருக்கு அரை மீட்டர் வாட்டம் கிடைப்பதே பெரிது. சின்ன மழைக்கு வந்த தண்ணீர் முழுவதும் அங்கேயே தேங்கிப் பக்கத்துப் புஞ்சையில் பரவி வற்றியிருக்கிறது. அடைமழை பெய்தால்தான் மிச்சம் கண்மாய்க்கு வந்திருக்கிறது. குழாயைத் தாழ்த்திப் பதிக்க ஆன செலவு, மண் அள்ளிய செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இளைஞர்களின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. வேலையை எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனிக் குட்டைகள் கிடையாது. ஏரி நிரம்பியதும் உபரிநீர் வெளியேறும் இடம்தான் கலுங்கு. ஒன்றின் கலுங்கில் வழிவது அடுத்ததற்கு வரத்து. ஆனால் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம், கால்வாயின் பதிவு வருவாய்த் துறையிடம், குறுக்கே போகும் சாலை இன்னொரு துறையிடம். அதனால்தான் திட்டத்தை ஓர் ஏரிக்கு மட்டும் போடாமல், மேலே ஒன்று, கீழே ஒன்று என்று குறைந்தது மூன்று ஏரிகளுக்குச் சேர்த்துப் போடச் சொல்கிறேன். கீழே இருப்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் சென்னைப் புறநகரின் முடிச்சூரும் வரதராஜபுரமும் காட்டின. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேற்பகுதியில் இருக்கும் ஊர்கள் அவை. அங்கே புகுந்தது செம்பரம்பாக்கம் தண்ணீர் இல்லை, மேற்கே உள்ள ஏரிகளிலிருந்து வழிந்து வந்த வெள்ளம். கலுங்குக்குக் கீழே உபரிநீர் போகும் வழி அடைபட்டிருந்தால், மேலே எவ்வளவு அழகாகச் சீரமைத்தாலும் வெள்ளம் வீட்டுக்குள்தான் போகும்.

மண் அள்ளுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் ஒரு கோடி லிட்டருக்கு இடம் கிடைக்கும், கணக்கு சரிதான். ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடி ஊற்றுக்கும் உதவும், பாசனத்துக்கு உதவாது. எது வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டுத் தோண்டுங்கள். கரையை ஒட்டி ஆழப்படுத்தவே கூடாது. கரையின் கால் பலவீனமாகிவிடும். களிமண் படுகையை வெட்டி மணல் தெரியும்வரை போனால் தண்ணீர் நிற்காது. மேலாக இருக்கும் வண்டலை உழவர்கள் வயலுக்கு எடுத்துப்போக விதிகளிலேயே இடம் உண்டு. அனுமதி வாங்கி, அளவு குறித்து எடுக்கச் சொல்லுங்கள்.

நகரத்து ஏரிகளில் எனக்குப் பெரிய வருத்தம் சுற்றிலும் கரை போடுவது. சரிவில் வரும் நீரை மறிக்கத்தான் ஏரிக்குக் கரை. தண்ணீர் வரும் பக்கம் திறந்தே கிடக்கும். மழைக்காலத்தில் மூழ்கும், கோடையில் ஆடு மேயும். அந்த முன்கரைப் பகுதி காலியாகத் தெரிவதால், அதற்கு உட்புறமாகவே வட்டமாகக் கரை எழுப்பி, மேலே நடைபாதையும் விளக்கும் போட்டுவிடுகிறார்கள். பரந்து வரும் தண்ணீர் கரைக்கு வெளியே நிற்கிறது. கரைக்கு அந்தப்பக்கம் விட்ட நிலத்தில் சில ஆண்டுகளில் மனைக்கல் முளைக்கிறது. நான் பணியாற்றிய ஒரு திட்டத்திலேயே இது நடந்தது. எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தும் நிற்கவில்லை.

எனவே முழு நீர்மட்டம் எதுவரை என்பதை முதலில் அளந்து கல் நட வேண்டும். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டமும் அளவீட்டில்தான் தொடங்குகிறது. கிராம வரைபடமும், நிலங்களின் விவரம் பதிந்த வருவாய்த் துறையின் 'அ' பதிவேடும் கையில் இருந்தால் 'வாய்க்கால் புறம்போக்கு', அதாவது வாய்க்காலுக்கு உரிய அரசு நிலம், எங்கே ஒடுங்கியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில், 921-லேயே குடவோலையில் தேர்வான முப்பது பேரில் ஆறு பேரை ஏரி வாரியத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு மாற்றி. பராமரிப்புக்கு ஆள் குறிக்காத எந்தத் திட்டத்திலும் நான் இப்போது கையெழுத்திடுவதில்லை.

காலமும் முக்கியம். நிதி கோடையில் வரும், ஆடிக்குள் முடிக்கச் சொல்வார்கள். வறண்ட கால்வாயைப் பார்த்துத் திட்டம் போட்டால் மேலே சொன்ன குழாய் கண்ணில் படாது. ஒரு வடகிழக்குப் பருவமழையை முழுதாகப் பார்த்துவிட்டு, தை, மாசியில் மதிப்பீடு தயாரியுங்கள். குடையோடு, கைப்பேசியோடு, முடிந்தால் உங்கள் ஊர் நீர்க்கட்டியோடு, மழை விட்ட மறுநாள் காலையில் கலுங்கிலிருந்து மேல்நோக்கி நடங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களைப் படம் எடுத்து, பக்கத்தில் சர்வே எண்ணைக் குறித்து வையுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபை மழைக்கு நடுவில்தான் வருகிறது. அந்தப் படங்களை அங்கே கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.