ஆன்டி-ஃபெடரலிஸ்ட்: கூட்டாட்சியை எதிர்த்தவர்களா?

அமெரிக்காவின் புதிய அரசியலமைப்புச் சட்டத்துக்கு மாநிலங்கள் ஒப்புதல் தரக் கூடாது என்று 1787, 1788 ஆண்டுகளில் வாதாடியவர்களைத்தான் ஆன்டி-ஃபெடரலிஸ்ட் என்கிறார்கள். அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் 'கூட்டாட்சி எதிர்ப்பாளர்' என்று வரும். சொல்லுக்குச் சொல் சரிதான், பொருள்தான் தலைகீழாகிவிடுகிறது. கூட்டாட்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மாநிலங்களின் உரிமை, டெல்லியில் அதிகாரம் குவியக் கூடாது என்ற பேச்சு. அப்படியானால் அதை எதிர்த்தவர்கள் எல்லாவற்றையும் தலைநகரில் குவிக்கப் பார்த்தவர்கள் என்றுதானே தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார்? இவர்கள் கேட்டது அதற்கு நேர் எதிரானது.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'ஃபொய்டுஸ்' என்றால் உடன்படிக்கை. தனித்தனி அரசுகள் தங்களுக்குள் உடன்பட்டுக் கூட்டுச் சேர்வதுதான் ஃபெடரல். அமெரிக்காவில் 1781-இல் நடைமுறைக்கு வந்த முந்தைய ஏற்பாடு அப்படிப்பட்டது. 13 மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு. நாடாளுமன்றமான காங்கிரஸ் நேரடியாக வரி விதிக்க முடியாது. ஏற்பாட்டைத் திருத்த 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். இதைத் திருத்தத்தான் 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசி, செப்டம்பரில் வெளியே வந்தபோது கையில் இருந்தது முற்றிலும் புதிய சட்டம். வரி, படை, நீதிமன்றம் மூன்றும் மைய அரசுக்கு உண்டு.

இந்தப் புதிய சட்டத்தின் ஆதரவாளர்கள் தங்களுக்கு ஃபெடரலிஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டதுதான் சாமர்த்தியம். ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் அந்தத் தலைப்பிலேயே 85 கட்டுரைகள் எழுத, பெயர் நிலைத்துவிட்டது. பழைய கூட்டை விரும்பியவர்களுக்கு மிஞ்சியது 'ஆன்டி'. அவர்களில் ஒருவர் 'ஃபெடரல் ஃபார்மர்' என்ற புனைபெயரில் எழுதியதைப் பார்த்தால், அந்தச் சொல்லை எளிதில் விட்டுக்கொடுக்க மனமில்லை என்று தெரிகிறது. புதிய சட்டத்தை எதிர்த்த எல்பிரிட்ஜ் ஜெர்ரி 1789-இல் மக்களவையிலேயே இதைக் கிண்டல் செய்தார். ஒரு தரப்பு ஒப்புதல் தரலாம் என்றது, மறு தரப்பு கூடாது என்றது. ஆகவே 'ராட்', 'ஆன்டி-ராட்' என்றல்லவா பெயர் வைத்திருக்க வேண்டும் என்றார். ஒப்புதலுக்கான ஆங்கிலச் சொல் 'ராட்டிஃபிகேஷன்', அதன் முதல் அசை எலியையும் குறிக்கும்.

சரி, இவர்களுக்கு அப்படி என்ன அச்சம்? 1788 ஜூனில், ஒப்புதல் பற்றி முடிவெடுக்கக் கூடிய வர்ஜீனியா மாநாட்டில் பேட்ரிக் ஹென்றி சட்டத்தின் முதல் வரியையே பிடித்துக்கொண்டார். 'மாநிலங்களாகிய நாங்கள்' என்று எழுதாமல் 'மக்களாகிய நாங்கள்' என்று எழுத இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். 'புரூட்டஸ்' என்ற பெயரில் நியூயார்க்கில் எழுதியவர் இன்னும் ஆழமாகப் போனார். 'தேவையான, பொருத்தமான' சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றலாம் என்ற ஒரு பிரிவு போதும், நாளடைவில் மாநிலங்கள் பெயரளவில்தான் மிஞ்சும் என்றார். இவ்வளவு பரந்த நாட்டில் குடியரசு நிலைக்காது என்பதும் அவர் வாதம். முதல் மக்களவைக்கு வைத்த உறுப்பினர்கள் 65 பேர், மக்களோ ஏறத்தாழ 30 லட்சம். இந்த எண்ணிக்கையில் பெரிய மனிதர்கள்தான் ஜெயிப்பார்கள், நடுத்தர விவசாயி உள்ளே வரவே முடியாது என்றார் மெலாங்டன் ஸ்மித். மாசசூசெட்ஸில் ஏமஸ் சிங்கிள்டரி இதையே பச்சையாகச் சொன்னார்: வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் அதிகாரத்தைப் பிடித்து, பைபிளில் வரும் யோனாவைத் திமிங்கலம் விழுங்கியதுபோல் நம்மை விழுங்கிவிடுவார்கள். என் கணக்கில், மாநிலமா மையமா என்ற சண்டையைவிட இந்தப் புகாரில்தான் சூடு அதிகம்.

இவர்கள் ஒரே கட்சி அல்ல. சிங்கிள்டரி போன்ற சிற்றூர்க்காரர்களும், அடிமைகளை வைத்திருந்த ஜார்ஜ் மேசன் போன்ற பண்ணையாரும் ஒரே பக்கம் நின்றார்கள். குடிமக்களின் உரிமைப் பட்டியல் சட்டத்தில் இல்லை என்பது மேசனின் முதல் குறை. வாக்கெடுப்பில் தோற்றாலும் இடைவெளி சிறிது: வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27. அந்த நெருக்கடியில்தான் திருத்தங்கள் வரும் என்ற உறுதி கிடைத்தது. 1791-இல் பத்துத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. மைய அரசின் வரி அதிகாரத்தில் அவை கைவைக்கவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? இலங்கை வழக்கில் 'சமஷ்டி எதிர்ப்பாளர்' என்றால் குழப்பம் இன்னும் கூடும், அங்கே அது ஒற்றையாட்சிக்காரர்களைச் சுட்டும். 'மாநில உரிமையாளர்' என்றால் மாநிலத்துக்கு ஓனர் போலத் தொனிக்கிறது. போதாக்குறைக்கு, மாநில உரிமை என்ற முழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் அடிமை முறையைக் காக்கப் பயன்பட்டது. அந்தச் சாயம் இவர்கள்மேல் ஒட்ட வேண்டாம். பிரிந்து போகக் கேட்காதவர்களைப் பிரிவினைவாதி என்பதும் தவறு. 'மைய அதிகார எதிர்ப்பாளர்' என்பதே என் தேர்வு. முதல் முறை ஆன்டி-ஃபெடரலிஸ்ட் என்று ஒலிபெயர்த்து எழுதிவிட்டு, அப்புறம் இதைத் தொடரலாம். எதிர்த்தரப்பை 'வலுமைய ஆதரவாளர்' எனலாம். ஆனால் 1790-களில் ஜான் ஆடம்ஸ் சார்ந்திருந்த ஃபெடரலிஸ்ட் கட்சி தனிப்பெயர் என்பதால், அதை அப்படியே எழுதிவிடுவது நல்லது.