ஒரே ஒரு மரபணுவை முழுசாகப் படிப்போம்: ஜி6பிடி

சிங்கப்பூரில் பிறந்தவரா நீங்கள்? அம்மா பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் உங்கள் சுகாதாரக் கையேட்டில், பிறந்தபோது எழுதிய விவரங்கள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். ஜி6பிடி என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் பெயர் அது. அதற்கு எதிரே இயல்பு என்றோ குறைபாடு என்றோ குறித்திருப்பார்கள். 1965 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்து வருகிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் மரபியல் படிக்கும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: மெண்டலின் பட்டாணியைத் தனியாக, டிஎன்ஏ படத்தைத் தனியாக, எக்ஸ்-ஒய் கட்டத்தைத் தனியாக மனப்பாடம் செய்து திண்டாடாதீர்கள். இந்த ஒரு மரபணுவை அடி முதல் நுனி வரை தெரிந்துகொள்ளுங்கள், பாடத்தின் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருக்கிறது.

ஏன் சோதிக்க ஆரம்பித்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் இங்கே பச்சிளம் குழந்தைகள் பலருக்குப் பிறந்த சில நாளிலேயே கடுமையான மஞ்சள் காமாலை வந்தது. சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் அளவுக்கு மீறிச் சேர்ந்து மூளையில் படிந்தது. சில குழந்தைகள் இறந்தன, பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் காது கேட்கவில்லை, கைகால்கள் சொன்னபடி அசையவில்லை. இதற்கும் ஜி6பிடி குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியவர் இங்குள்ள குழந்தை மருத்துவர் வோங் ஹோக் பூன். காரணம் தெரிந்துவிட்டதால் குறைபாடுள்ள குழந்தைகளைப் பிறந்ததுமே கண்டுபிடித்து, மருத்துவமனையில் வைத்துக் கவனித்து, காமாலை ஏறினால் நீல ஒளிக்குக் கீழே படுக்க வைக்க முடிந்தது. அந்த ஒளி பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தையே மாற்றிவிடும், மாறிய பிலிருபினை உடல் எளிதாக வெளியேற்றிவிடும்.

சரி, மரபணுவுக்கு வருவோம். குளூக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியைத்தான் சுருக்கி ஜி6பிடி என்கிறோம். நொதி ஒரு புரதம். அதைச் செய்வதற்கான குறிப்பு எக்ஸ் குரோமோசோமின் ஒரு நுனியை ஒட்டி, சுமார் 18,000 எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துகள் நான்கே நான்கு: ஏ, டி, ஜி, சி. செல் அந்த நீளத்தைத் தூது ஆர்என்ஏவாகப் படியெடுத்து, இடையில் வரும் துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டுகிறது. கடைசியில் நொதியின் அமினோ அமிலங்களைக் குறிப்பது 1,545 எழுத்துகள் மட்டும்தான். ரைபோசோம் அதை மும்மூன்றாகப் படித்து ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோக்கிறது, ஆக 515 அமினோ அமிலங்கள். நான்கு எழுத்தை வைத்து 64 மூன்றெழுத்துச் சேர்க்கைகள் செய்யலாம். அவற்றில் 61, இருபது வகை அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மீதி 3 'இங்கே நிறுத்து' என்கின்றன. இந்த மூன்றெழுத்துக் கணக்கையும் தூது ஆர்என்ஏ என்று ஒன்று இருப்பதையும் 1961ல் நிறுவியவர்களில் ஒருவரான சிட்னி பிரென்னர், பிற்காலத்தில் சிங்கப்பூரின் உயிரியல் ஆய்வுக்குப் பெரிய துணையாக இருந்து, 2019ல் இங்கேயே காலமானார். புவன விஸ்தா பக்கம் போனால் பயோபோலிஸ் என்ற ஆய்வு வளாகத்தின் கட்டடப் பெயர்களைப் படித்துப் பாருங்கள், ஜீனோம், குரோமோஸ், புரோட்டியோஸ் என்று பாடப் புத்தகமே வரிசையாக நிற்கும்.

இந்த நொதி செய்யும் வேலை ஒன்றுதான். குளூக்கோஸிலிருந்து வரும் ஒரு மூலக்கூறைப் பிடித்து, அதைக் கொண்டு என்ஏடிபிஎச் என்ற பொருளை உண்டாக்குகிறது. என்ஏடிபிஎச் இருந்தால்தான் குளூட்டத்தயோன் என்ற காப்புப் பொருள் மறுபடி மறுபடி தயாராகும், குளூட்டத்தயோன் இருந்தால்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருள்கள் செல்லைக் கெடுக்காமல் அடங்கும். மற்ற செல்களுக்கு என்ஏடிபிஎச் கிடைக்க வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, உட்கரு கிடையாது, ஆகவே டிஎன்ஏவும் கிடையாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும்போது கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றை வைத்துத்தான் அது 120 நாளை ஓட்ட வேண்டும், வழியில் புதிதாக ஒரு நொதியைக்கூடச் சமைக்க முடியாது. இயல்பான ஜி6பிடி ஏறக்குறைய 60 நாளில் பாதியாகத் தேயும், அதனால் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். குறைபாடு உள்ளவரிடம் நொதி சீக்கிரமே சிதைந்துவிடுகிறது, அணுவுக்கு வயது ஏற ஏற அதன் காவல் போய்விடுகிறது. அதனால்தான் பாதிப்பு வரும்போது முதலில் உடைவது வயதான சிவப்பணுக்கள். இளசுகள் தப்பிவிடும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்துச் சோதித்தால், மிஞ்சியிருப்பது இளசுகள் மட்டும் என்பதால் முடிவு இயல்பு என்றே வரக்கூடும், சில வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.

நொதி ஏன் சீக்கிரம் சிதைகிறது? பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து மாறியதால்தான். தாய்லாந்து, மியன்மார் பக்கம் அதிகம் காணப்படும் மஹிடோல் வகையில் 487ஆம் எழுத்து ஜி என்பது ஏ ஆகிவிட்டது, அதனால் 163ஆம் இடத்தில் கிளைசின் வர வேண்டியதற்குப் பதில் செரின் வருகிறது. மத்தியதரைக்கடல் வகையில் 563ஆம் எழுத்து சி என்பது டி ஆகி, 188ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் ஃபீனைல்அலனின் வந்து உட்காருகிறது. கேண்டன், வியஞ்சான், ஒரிசா, கேரளா-கல்யாண் என்று ஊர்ப்பெயரோடு 200க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன. இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது இன்னொரு விஷயம். உலகத்தில் 40 கோடிப் பேருக்கு மேல் இந்தக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள், ஆனால் மரபணு முழுக்கவே அழிந்துபோன வகை காணப்படுவதே இல்லை எனலாம். நொதி கொஞ்சம்கூட இல்லாமல் கரு வளரவே முடியாது. பார்க்கக் கிடைப்பதெல்லாம் உயிரோடு இருக்க இடம்கொடுக்கும் மாற்றங்கள் மட்டுமே.

குறைபாடு உள்ளவர்கள் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள், பள்ளியில் ஓடுகிறார்கள், விளையாடுகிறார்கள். எழுத்து மாறியது மட்டும் நோயைக் கொண்டுவருவதில்லை, அரிக்கும் பொருள் ஒன்று வெளியிலிருந்து வந்து சேர வேண்டும். நாஃப்தலீன் உருண்டை அப்படிப்பட்டது, அண்ணனின் பழைய குழந்தைச் சட்டைகளை அந்துருண்டை போட்டு மூட்டைகட்டி வைத்திருந்து தம்பிப் பாப்பாவுக்கு அப்படியே போட்டுவிடக் கூடாது. ஃபாவா பீன்ஸ் என்ற அவரை வகை இன்னொன்று, பாக்கெட்டில் வரும் பொரித்த பருப்பு வகைகளை வாங்கும்போது அட்டையைப் படித்துவிடுங்கள். நம் வீடுகளில் பலர் யோசிக்காதது மருதாணி. அதில் உள்ள லாசோன் என்ற நிறமி தோல் வழியே ரத்தத்தில் கலந்து, குறைபாடுள்ள கைக்குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்திருப்பது மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது, ஆகவே தீபாவளிக்குக் கை சிவக்க வேண்டும் என்ற ஆசை பாட்டிக்கு எவ்வளவு இருந்தாலும் அந்தக் குழந்தைக்கு வேண்டாம். சிறுநீர் கோப்பி-ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் போனாலோ, முகம் வெளுத்துக் கண் மஞ்சளானாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், இது யாரிடமிருந்து வருகிறது? மகனுக்கு ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்தும் எக்ஸ் அம்மாவிடமிருந்தும் வருகிறது, ஆகவே 'அப்பனுக்கு இருந்தது, பிள்ளைக்கும் வந்துவிட்டது' என்ற பேச்சு இந்த விஷயத்தில் செல்லாது. பையனுக்கு இருந்தால் தாய்மாமாவைக் கேளுங்கள். குறைபாடுள்ள அப்பாவின் எக்ஸ் தப்பாமல் எல்லா மகள்களுக்கும் போகும், மகன்களுக்குப் போகாது. நம்மில் சில குடும்பங்களில் இன்னமும் உள்ள மாமன் மகள் திருமணத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: மருமகன், மாமா இருவருக்கும் குறைபாடு என்றால், மாமன் மகளிடம் மாறிய எக்ஸ் ஒன்று கட்டாயம் இருக்கும், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகளுக்கும் இரண்டு எக்ஸிலும் மாற்றம் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஒரே ஓர் எக்ஸில் மாற்றம் உள்ள பெண்ணின் கதைதான் எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்தது. 1961ல் மரபியலாளர் மேரி லயன், எலிகளை வைத்து ஒன்று சொன்னார்: பெண் கருவின் ஒவ்வொரு செல்லும் ஆரம்பத்திலேயே தன் இரண்டு எக்ஸில் ஏதாவது ஒன்றைச் சுருட்டி அணைத்துவிடுகிறது, எதை என்பது தற்செயல், அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் எல்லாம் அதே முடிவைக் கடைசி வரை காப்பாற்றுகின்றன. அடுத்த ஆண்டே ரத்தவியல் ஆய்வாளர் எர்னஸ்ட் பியூட்லர் இதை மனிதர்களிடம் காட்டினார், அவர் எடுத்துக்கொண்டது இந்த ஜி6பிடியைத்தான். அப்படிப்பட்ட பெண்ணின் ரத்தத்தில் அரைகுறை நொதியோடு ஒரே மாதிரி அணுக்கள் இல்லை, முழு நொதியோடு ஒரு கூட்டமும் குறைந்த நொதியோடு ஒரு கூட்டமும் கலந்து ஓடுகின்றன. பாதிப் பாதிதான் இருக்கும் என்றும் இல்லை. அக்காவுக்கு 80 சதவீதம் நல்ல அணுக்கள் இருக்கலாம், அதே மரபணு உள்ள தங்கைக்கு 30 சதவீதமே இருக்கலாம்.

இவ்வளவு தொல்லை தரும் மாற்றம் ஏன் இத்தனை பேரிடம் தங்கிவிட்டது? மலேரியா. அதன் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் வளரும்போது அரிக்கும் பொருள்களை உண்டாக்குகிறது, காவல் குறைந்த அணு அதோடு சேர்ந்து சீக்கிரம் அழிக்கப்படுகிறது, ஒட்டுண்ணி பெருக வழியில்லாமல் போகிறது. மஹிடோல் வகை உள்ளவர்களின் ரத்தத்தில் விவாக்ஸ் என்ற வகை மலேரியா ஒட்டுண்ணிகள் குறைவாக இருப்பது 2009ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. தென்சீனா, மலாய்த் தீவுகள், இந்தியா என்று மலேரியா இருந்த ஊர்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சிங்கப்பூர் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 1982ல் அறிவித்துவிட்டது, மரபணு மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

குறைபாடே மலேரியா மருந்தால்தான் தெரியவந்தது. பிரைமாக்குவின் சாப்பிட்ட சிலருக்கு மட்டும் ஏன் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று தேடிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1956ல் ஜி6பிடி குறைவைக் கண்டார்கள். விவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் ஒளிந்திருந்து மறுபடி வரும், அதை அங்கிருந்து விரட்ட இன்றைக்கும் பிரைமாக்குவினோ அதன் உறவான டஃபெனோகுவினோ வேண்டும். வெளிநாடு போய் விவாக்ஸோடு திரும்புகிறவருக்கு இவற்றைத் தருவதற்கு முன் நொதியைச் சோதிப்பது அதனால்தான். டஃபெனோகுவினுக்கு இயல்பான அளவில் 70 சதவீதத்துக்கு மேல் நொதி இருக்க வேண்டும், பெண்களுக்கு இரண்டு வகை அணுக்களும் கலந்து ஓடக்கூடும் என்பதால் உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் சோதனை போதாது, அளந்து எண் சொல்லும் சோதனையைத்தான் கேட்க வேண்டும்.